தீராத பரீட்சை

டாக்டருக்குப் படித்தவர் ஒருமுறை தேறிவிட்டால் ஆயுள் முழுக்க டாக்டர். வக்கீலும் அப்படித்தான். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கூட லைசென்சைக் காலத்தோடு புதுப்பித்துவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பைப் வெல்டரின் கதை வேறு. இருபத்தைந்து வருடம் குழாய் ஒட்டியவராக இருந்தாலும், புது காண்டிராக்டரின் கேட்டுக்குள் நுழைந்ததும் அவருக்குக் காட்டப்படுவது ஸ்டாண்டில் 45 டிகிரி சாய்வாகப் பிடித்து நிறுத்தப்பட்ட இரண்டு குழாய்த் துண்டுகள். முதலில் ஒட்டிக் காட்டு, சம்பளம் பிறகு பேசலாம்.

இந்தப் பரீட்சைக்கு 6ஜி என்று பெயர். செல்போன்காரர்கள் 5ஜிக்கு வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வெல்டர்கள் ஆறில் இருந்தார்கள். 1ஜி என்றால் குழாயை உருட்டிக்கொண்டே ஒட்டலாம். பையனுக்குப் பழக்கம் வர அதுதான் கொடுப்பார்கள். 2ஜியில் குழாய் செங்குத்தாக நிற்கும். 5ஜியில் படுத்திருக்கும், ஆனால் திருப்பக்கூடாது. 6ஜியில் சாய்ந்து நிற்கும், அதையும் திருப்பக்கூடாது. ஒரே வளையத்தைச் சுற்றி வருவதற்குள் வெல்டர் மல்லாந்து, மண்டியிட்டு, நின்று, எக்கி, உருகிய உலோகம் எந்தப் பக்கம் வழியப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்கு எதிராக மணிக்கட்டை ஒடித்துக்கொண்டே போக வேண்டும். இதில் தேறியவர் எந்த நிலையில் இருக்கும் குழாயையும் ஒட்டலாம் என்பது விதி.

வெல்டிங்கைத் தமிழில் பற்றவைப்பு என்று எழுதுகிறோம். அதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. தட்டான் நகைக்கு வைக்கும் பற்றாசு, பொன்னைவிடச் சீக்கிரம் உருகும் வேறொரு கலவை. அது நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெல்டிங்கில் அப்படி இடைத்தரகர் யாரும் இல்லை. இரண்டு விளிம்புகளும் தாமே உருகி, ராடிலிருந்து சொட்டும் உலோகத்தோடு கலந்து, ஆறும்போது ஒரே பொருளாகிவிடுகின்றன. சரியாகச் செய்த ஜாயிண்டை இழுத்துப் பார்த்தால் குழாய்தான் அறும், ஜாயிண்ட் அறாது.

கோயலி, மதுரா, ஹால்தியா, பானிப்பட், ஜாம்நகர் என்று நாட்டின் எந்தச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனாலும் கண்ணுக்கு எட்டிய வரை ஓடும் குழாய்களில் பெரும்பகுதி கார்பன் ஸ்டீல்தான். சைட்டில் சுருக்கமாக சி.எஸ். என்பார்கள். துருப்பிடிக்காத எஸ்.எஸ். குழாய்க்கு இருக்கும் மினுமினுப்போ மரியாதையோ இதற்குக் கிடையாது. ஆலைகளில் அதிகம் புழங்கும் ஏ 106 கிரேடு பி ரகத்தில் கார்பன் 0.30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தத் துளி கார்பன்தான் இரும்புக்குப் பலம், வெல்டருக்குத் தலைவலி. கார்பன் கூடக் கூட, சட்டென்று ஆறும் இடத்தில் ஸ்டீல் கண்ணாடிபோல் விறைத்துக்கொள்ளும். விறைத்தது விரியும்.

சிவானிலிருந்தோ கோபால்கஞ்சிலிருந்தோ வந்த ஒரு வெல்டரை எடுத்துக்கொள்ளலாம். பீகாரின் அந்த இரண்டு மாவட்டங்களில் வளைகுடாவுக்கு ஒருவரும் போகாத தெருவைக் காண்பது அரிது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹெல்ப்பர் பையன்கள் "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குஜராத்தில் ஒரு ஷெட்டுக்கு முன்னால் அவர் வரிசையில் நிற்கிறார். கையில் பாலிதீன் கவர். அதற்குள் பழைய சர்ட்டிபிகேட்டுகளின் ஜெராக்ஸ் கட்டு. சூப்பர்வைசருக்கு அவர் பாதி வயது. கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அவர் பார்க்க வேண்டியது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

கொடுக்கப்படுவது ஆறு அங்குலக் குழாய். சுவரின் கனம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். இரண்டு துண்டுகளின் விளிம்பும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சேர்த்து வைத்தால் சுற்றிலும் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் அடியில் இரண்டு விளிம்பும் தொட்டுக்கொள்ளக்கூடாது. மூன்று மில்லிமீட்டர்போல இடைவெளி வேண்டும். அனுபவப்பட்ட பிட்டர் இதற்கு அளவுகோலைத் தேடமாட்டார். ராடின் மருந்தைத் தட்டிவிட்டு உள்ளே இருக்கும் கம்பியை வளைத்து நடுவில் செருகுவார். அந்தக் கம்பிதான் அளவு.

பிறகு ரூட். ஆங்கிலத்தில் வேர் என்று பொருள்படும் சொல்தான். பெயர் வைத்தவர் விவரமான ஆள். வாய்க்காலின் அடியில் போடும் இந்த முதல் வரிசைதான் குழாயின் உட்சுவராக மாறப்போகிறது. எண்ணெயோ எரிவாயுவோ உரசிக்கொண்டு ஓடப்போவது இதன்மேல்தான். ஆனால் ஒட்டுகிறவர் நிற்பது வெளியே. உள்ளே என்ன ஆகிறது என்று அவரால் பார்க்க முடியாது. அவர் பார்ப்பதெல்லாம் ஒரு சின்ன ஓட்டையை. ஆர்க் பட்ட இடத்தில் இரண்டு விளிம்பும் உருகி, சாவித் துவாரம்போல ஒரு துளை திறக்கும். அந்தத் துளை எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சிறுத்தால் உலோகம் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். பெருத்தால் அடுத்த நொடி அங்கே பொத்தலாகிவிடும், அல்லது உள்ளே உருகி வழிந்து மூக்குச்சளிபோலத் தொங்கும். ஸ்டீல் உருகுவது ஏறத்தாழ 1,500 டிகிரியில். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், சுற்றிலும் இருட்டில், மிளகு அளவு வெளிச்சத்தில் இந்த அளவைக் காப்பாற்றிக்கொண்டு வளையத்தைச் சுற்றி வர வேண்டும்.

கண் மட்டும் போதாது. நீள்குழாய்ப் பாதைகளில் ரூட் போடப் பயன்படும் 6010 வகை ராடு, துளை வழியாக உள்ளே பலமாக ஊதும். குழாய்க்குள் அந்த ஊதல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் வேர் இறங்குகிறது. சத்தம் அடைத்தால் கை தவறுகிறது. பழைய ஆட்கள் காதால் ஒட்டினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஆலைகளுக்குள் இப்போது பெரும்பாலும் டிக் வெல்டிங்கில்தான் ரூட் போடுகிறார்கள். அதில் சத்தம் இல்லை, சுத்தம் அதிகம், வேகம் குறைவு.

ரூட்டுக்கு மேல் வரிசை வரிசையாக வாய்க்காலை நிரப்புவது 7018 ராடு. இது அப்பளம் மாதிரி, காற்றுப்பட்டால் நமத்துவிடும். அப்பளம் நமத்தால் அப்பளம் மட்டும் கெடும். ராடு நமத்தால் மருந்தில் ஏறிய ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி, உருகிய ஸ்டீலுக்குள் புகுந்துவிடும். ஜாயிண்ட் அப்போது பார்க்க அழகாகவே இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்து, யாரும் தொடாமலேயே உள்ளுக்குள் மயிரிழை விரிசல் ஓடும். அதனால்தான் ராடை 300 டிகிரி வாக்கில் சுட்டு, அடுப்பில் சூடாக வைத்திருந்து, சைட்டில் மின்சார இணைப்போடு கூடிய சின்ன டப்பாவில் எடுத்துப் போகிறார்கள். ஒவ்வொன்றாக உருவ வேண்டும், மூடியைப் போட வேண்டும். ஜூலை மாதத்துக் கடற்கரைக் காற்றில் மூடி திறந்து கிடக்கும் ஒரு டப்பாவையும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வெல்டரையும் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவதில் நியாயம் இருக்கிறது.

பரீட்சைத் துண்டை வெட்டிப் பட்டைகளாக்கி வளைத்துப் பார்ப்பார்கள். குதிரை லாடம்போல வளைந்த பட்டையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் பெயில். அல்லது பிலிம் எடுப்பார்கள். சைட்டில் போடும் ஜாயிண்டுகளுக்கும் பிலிம்தான். எக்ஸ்-ரே என்றே எல்லோரும் சொன்னாலும் பெரும்பாலும் அது இரிடியம்-192 என்ற கதிரியக்கத் தனிமத்தின் காமாக் கதிர். 74 நாளில் பாதி வீரியம் தீர்ந்துவிடும். அதை வைத்திருக்கும் பெட்டிக்கு கேமரா என்று பெயர், லென்ஸ் கிடையாது. ஆட்கள் போன பிறகு, இரவில், கயிறு கட்டி, சிவப்பு விளக்கு மாட்டி எடுப்பார்கள். குழாயின்மேல் பிலிமோடு சேர்த்து ஈயத்தால் செய்த குட்டி எழுத்துகளையும் எண்களையும் ஒட்டி வைப்பார்கள்: லைன் நம்பர், ஜாயிண்ட் நம்பர், வெல்டர் நம்பர். ஈயத்தைக் கதிர் ஊடுருவாது. காலையில் பிலிமைக் கழுவி விளக்குப் பெட்டியில் வைத்தால் அவை வெள்ளையாகத் தெரியும். உஸ்தாதின் பெயர் அங்கே வராது. தினமும் ஆஜராவது அவருடைய நம்பர்தான்.

பிலிமில் நடுவே நேர்க்கோடாக ஒரு கறுப்பு ஓடினால் வேர் இறங்கவில்லை. குட்டிக் குட்டிப் புள்ளிகள் என்றால் வாயுக் குமிழி. கோணல்மாணலாக இருந்தால் கசடு. முடிவு இரண்டு சொற்களில் வரும்: கிளியர், ரிப்பேர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் பிரதேசம் இருக்கிறது, அங்கே பிலிம் பார்ப்பவரின் மனநிலைக்கும் இடமுண்டு என்று வெல்டர்கள் நம்புகிறார்கள். வாரக் கடைசியில் யாருக்கு எத்தனை ரிப்பேர் என்று கணக்கு வரும். சதவீதம் ஏறினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் மறு பரீட்சை, அப்புறம் கேட் பாஸ் பறிபோகும்.

ஆனால் எல்லா ஜாயிண்டுக்கும் பிலிம் எடுப்பதில்லை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆலைக் குழாய்களுக்கான பி31.3 என்ற அமெரிக்க விதிநூலை இந்தியா முழுவதும் பின்பற்றுகிறார்கள். சாதாரண ரகக் குழாய்களுக்கு அது கேட்பது குறைந்தபட்சம் நூற்றில் ஐந்து. ஆபத்தான திரவங்களுக்கும் கடுமையான சூழலுக்கும் கணக்கு கூடும், நூற்றுக்கு நூறும் உண்டு. ஐந்தில் ஒன்று பெயிலானால் அதே வெல்டரின் இன்னும் இரண்டு ஜாயிண்டுகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதிலும் குறை வந்தால் மேலும் இரண்டு. கடைசியில் அவர் கை வைத்த அந்தத் தொகுதி முழுவதும் பிலிமுக்குப் போகும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இருந்தும் மீதித் தொண்ணூற்றைந்தில் பெரும்பாலானவற்றின் உட்புறத்தை யாரும் எக்காலத்திலும் பார்க்கப்போவதில்லை.

அந்தத் தொண்ணூற்றைந்தில்தான் வெல்டரின் அசல் பரீட்சை. கணக்குப் புத்தகத்தில் அவர் வேலை இஞ்ச்-டயா என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஆறு அங்குலக் குழாயில் ஒரு ஜாயிண்ட் முடித்தால் ஆறு இஞ்ச்-டயா. பல இடங்களில் துட்டும் அந்தக் கணக்கில்தான். காண்டிராக்டருக்கு மாதக் கடைசிக்குள் இத்தனை ஆயிரம் இஞ்ச்-டயா காட்டியாக வேண்டும். பிட்டர் அவசரத்தில் குழாயைக் குட்டையாக அறுத்துவிட்டார், மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி எட்டு மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வழி, குழாயைக் கழற்றிப் புதுத் துண்டு அறுத்து மறுபடி பொருத்துவது. அரை நாள் போய்விடும். இன்னொரு வழி எல்லா சைட்டிலும் எல்லோருக்கும் தெரியும். மருந்து தட்டிய கம்பி ஒன்றை அந்தச் சந்தில் கிடத்தி அதன்மேலேயே ஒட்டி மூடிவிடலாம். வெளியே கேப்பிங் மீன் செதில்போல வரிசையாக அமைந்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிக்கும் அன்றைக்கு அது தாங்கிவிடவும் கூடும். "சலேகா, உஸ்தாத்" என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டும்போது ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு முடியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொன்னதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. அன்றைக்கு அவர் கணக்கில் ஆறு இஞ்ச்-டயா குறைகிறது, அவ்வளவுதான்.

இப்படி வருடக்கணக்கில் நடந்துகொண்டவர் வேறொரு கம்பெனிக்குப் போகும்போது எதை எடுத்துப் போகிறார்? வெல்டர் பரீட்சையை வைத்த காண்டிராக்டரே அதற்குப் பொறுப்பு என்கிறது ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பகுதி. பொதுவாக ஒருவர் கொடுத்த தேர்ச்சி அடுத்தவரிடம் செல்லாது. இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாமல் இருந்தால் இருக்கிற தேர்ச்சியும் காலாவதி. மகள் கல்யாணம், சாத் பூஜை, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஊரில் தங்கிவிட்டால் உஸ்தாத் மறுபடி மாணவர். வளைகுடாவுக்குப் போவதானால் மும்பையில் ஏஜெண்டின் டிரேடு டெஸ்ட் ஒன்று, அங்கே இறங்கியதும் இன்னொன்று.

விதிக்குப் பின்னால் இருக்கும் யோசனை முட்டாள்தனமானதல்ல. அறிவு தங்கும், கை தங்காது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். சாவித் துவாரம் கலங்கலாகத் தெரியத் தொடங்கும்போது பல வெல்டர்கள் அதை வெளியே சொல்வதில்லை. ஹெல்மெட்டுக்குள் இருநூறு ரூபாய் ரீடிங் கிளாசைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஆனால் ஆளைச் சோதிக்கிற விதி, அவரது பழைய சரித்திரத்தைத் தூக்கிப்போட வேண்டும் என்று எங்கும் கட்டளையிடவில்லை. நான்கு வருடத்தில் எத்தனை ஜாயிண்ட், எத்தனை பிலிம், எத்தனை ரிப்பேர் என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் வெல்டர் நம்பரோடு கிடக்கிறது. அவர் கேட்டாலும் அந்தக் காகிதம் எளிதில் கிடைக்காது. வேலை முடிந்ததும் நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும்.

பாய்லர் வேலையில் நிலைமை கொஞ்சம் மேல். 1950இல் வந்த இந்திய பாய்லர் விதிகளின்படி வெல்டருக்குச் சர்ட்டிபிகேட் தருவது மாநில அரசின் பாய்லர் துறை. சைட்டில் ஐ.பி.ஆர். வெல்டர் என்றால் ஒரு படி கூடுதல் மரியாதை. அந்தக் காகிதத்துக்கும் ஆயுள் குறைவுதான், ஆனால் அரசு முத்திரையோடு ஆளின் பெயர் இருக்கிறது. தமிழர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1965இல் தொடங்கியது. அதையொட்டி 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. திருவெறும்பூர் பக்கம் ஹெச்.பி. வெல்டர் என்றால் பெண் கொடுக்கத் தயங்கமாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது.

உடம்பு கொடுக்கும் விலை தனி. மறைப்பில்லாமல் ஆர்க்கைப் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல எரியும். லேபர் காலனிகளில் உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். புகை இதைவிடச் சாதுவானது. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலுக்கு மாற்றியது. அதுவரை அது 'ஒருவேளை' பட்டியலில் இருந்தது. பைப் டிரெஞ்சுக்குள் மல்லாந்து ஒட்டுகிறவருக்கு எந்தப் பட்டியலில் இருந்தாலும் புகை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான்.

இத்தனையும் எதற்காக? ஹசீராவிலிருந்து பிஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை 1980களில் போட்ட எரிவாயுப் பாதையின் நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு குழாயின் நீளம் 12 மீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு எண்பது ஜாயிண்டுக்கு மேல். மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தொடும். அந்த எரிவாயுவை நம்பி வழியில் எழுந்த தொழிற்சாலைகளின் யூரியாதான் உத்தரப் பிரதேசத்துக் கோதுமைக்கும் கரும்புக்கும் போகிறது. குழாய் தோற்றால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவின் நகரம் கிராமம் பார்த்தது. எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே குற்றவாளி ஜாயிண்ட் அல்ல, துரு.

சமவெளியில் நீளப் போகும் பாதைகளில் இப்போது மிஷின் வந்துவிட்டது. குழாயைச் சுற்றிக் கட்டிய பட்டையின்மேல் குட்டி வண்டிபோல ஊர்ந்து தானே ஒட்டிவிடும். அதற்கு வெள்ளெழுத்து இல்லை, சாத் பூஜை இல்லை. ஆனாலும் மிஷின் எல்லா இடத்துக்கும் போவதில்லை. பள்ளத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்து வந்த பாதைகளைச் சேர்க்கும் கடைசி ஜாயிண்டுக்கு ஆள்தான் இறங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைனோடு புது லைனைக் கோக்கும் இடத்தில், தண்ணீர் ஏற்றிச் சோதிக்கவும் வழியிருக்காது. சோதிக்க முடியாத அந்த ஜாயிண்டுக்கு கோல்டன் ஜாயிண்ட் என்று பெயர். அதற்கு முழு வளையத்துக்கும் பிலிம், அதற்கு மேல் அல்ட்ராசோனிக். அன்றைக்கு மட்டும் சைட் என்ஜினியர் பட்டியலைப் பார்த்து ரிப்பேர் குறைந்த நம்பரைத் தேடுகிறார். டீ வருகிறது, நாற்காலிகூட வருகிறது. உஸ்தாத் பள்ளத்தில் இறங்கி, படுத்து, ஜாயிண்டுக்குக் கீழே தோளை நுழைத்துக்கொள்கிறார். அன்றைய கூலி அதே கூலி.

பிலிம் கிளியர் ஆனதும் ஜாயிண்டுக்கு உறை சுற்றி, மண்ணைத் தள்ளிச் சமன் செய்கிறார்கள். 1962ஆம் வருடச் சட்டப்படி நிலம் விவசாயிக்கே சொந்தம். உழலாம், விதைக்கலாம், மரம் வைக்கவோ வீடு கட்டவோ கூடாது. அடுத்த பருவத்தில் மேலே கடுகு பூத்துவிடும். வரப்போரத்தில் ஒரு மஞ்சள் கம்பம் நடுவார்கள். அதில் கிலோமீட்டர் எண் இருக்கும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய டெலிபோன் நம்பர் இருக்கும்.